மனிதாபிமானம் என்ற சொல்

கடல் வந்து எங்கள் கல்லடி வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, ‘மனிதாபிமான உதவி’ என்று எழுதிய லொறிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பிறகு கரடியனாற்றில் அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தேன். ஒரு நாள் காலை, அரசாங்கம் எங்கள் பக்கம் ‘மனிதாபிமான நடவடிக்கை’ தொடங்கிவிட்டதாக வானொலி சொன்னது. அக்கா நிவாரண அட்டையையும் இரண்டு உரப்பைகளையும் எடுத்தா. “வா தம்பி, மறுகா அரிசி முடிஞ்சிரும்” என்றா. வேலிப் படலையைத் தாண்டுமுன்னே முதல் ஷெல் வயல் வட்டைக்குள் விழுந்தது.

சனங்களை மீட்கத்தான் அடிக்கிறோம் என்று தலைவர்கள் விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். போர் என்று சொல்ல என்ன கூச்சம்? அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அக்கா பையைத் தூக்கியிருக்கமாட்டா, ஏணையில் கிடந்த தன் பிள்ளையைத் தூக்கியிருப்பா.