ஜீப்காரர் போனுக்கு வந்த எண்

என் மகளின் இதயத்தில் சிறு துளை இருக்கிறது என்று அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு சொன்னது. வேலூரில் அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைத்தது. ஆனால் அரசுக் காப்பீட்டு அட்டை எடுத்து, அதன் எண்ணைச் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் சொன்னால்தான் வியாழக்கிழமை சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போய்விடும். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

கணவர் காபி எஸ்டேட் வேலைக்குக் கர்நாடகம் போயிருந்தார். வீட்டில் படித்தவள் நான்தான் என்பதால் காகித வேலை எல்லாம் என் தலையில். வருமானச் சான்றுக்காகவே பலமுறை மலையிறங்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்த பிறகும் பையைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பிறப்புச் சான்றின் நகல் போதுமா, அசல் கேட்பார்களா என்று தெரியாமல் இரண்டையும் எடுத்திருந்தேன். அசலைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு பயம்.

கலெக்டர் அலுவலகத்தின் காப்பீட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காகிதங்கள் எல்லாம் சரி என்றார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். புளி தட்டும் பருவம் அது. ஓடு உடைத்து உடைத்து விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது.

"ரேகை விழலம்மா. பரவால்ல, ஓ.டி.பி. அனுப்பறேன். ஆதார்ல இருக்கறது உங்க நம்பர்தானே?"

எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. ஆதார் முகாம் வந்தபோது பலரிடம் போனும் இல்லை. தினமும் அடிவாரத்துக்குப் போய்வருபவர் ஜீப்காரர் ஒருவர்தான். அதனால் ஊரே அவர் எண்ணைக் கொடுத்தது. நானும் கொடுத்தேன். யாருக்கு என்ன செய்தி வந்தாலும் சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வாயால் சொல்லிவிடுவார்.

"எங்க ஊரு ஜீப்பு அண்ணனோட நம்பருங்க."

"ஜீப்பா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உடனே கூப்புடுங்க. கொஞ்ச நேரத்துல செல்லாம பூடும்."

அது ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் நேரம். முதல் வளைவைத் தாண்டினால் போன் இருந்தும் பயனில்லை. நல்லவேளை, எடுத்தார்.

"இன்னா தங்கச்சி, அட்ட வாங்கிட்டியா?"

"அண்ணா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க!"

"இரு, வண்டிய ஓரங்கட்றேன். இன்னாமோ வந்துகீது பாரு..." என்று ஓர் எண்ணைப் படித்தார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டினார். தவறு என்று வந்தது. அவர் படித்தது யாருடைய கேஸ் சிலிண்டருக்கோ வந்த எண். "அண்ணா, அது இல்ல, வேற..." என்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் கிடைக்கவில்லை.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர், "யம்மா, எங்களுக்கும் பஸ்ஸு கீதும்மா" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். எண்ணை எப்போதோ மாற்றியிருக்கலாம். நேற்றே வந்திருக்கலாம். ரேகைக்காகவாவது இரண்டு நாள் புளியைத் தொடாமல் இருந்திருக்கலாம். மகள் என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"தங்கச்சி, ரிவர்ஸ்லயே கீழ வந்துட்டேன். இவங்க என்ன மேல ஏற வுடல."

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு அம்மாவின் குரல்: "கொயந்த ஆப்ரேசனு விசியண்டா, அப்பிடியே நிறுத்து!" இன்னொருவர், "பின்னாடி வந்ததுல எம் முட்டையெல்லாம் ஒடஞ்சிப்போச்சி" என்றார்.

"ஒடஞ்சா ஆம்லெட் போட்டுக்க" என்றார் ஜீப்காரர். "தங்கச்சி, இப்ப அனுப்பச் சொல்லு. வர்ற வரைக்கும் நான் நவுர்றதா இல்ல."

அந்தப் பெண் வரிசையை நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு "வந்துட்ச்சி!" என்று கத்தினார்கள். ஜீப்காரர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் தவறாகக் கேட்டுவிடக் கூடாது என்று ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். அறைக்குள் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஆயிட்ச்சிம்மா" என்றார் அந்தப் பெண். அட்டை எண்ணை எழுதிக் கொடுத்து, ஆதாரில் இருக்கும் போன் எண்ணை மாற்றிக்கொள்ளச் சொன்னார். தலையாட்டினேன். என் எண்ணைக் கொடுத்தால் மலையில் எனக்கு எப்படி வரும் என்று அவரிடம் கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு அழைத்து அட்டை எண்ணைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த நர்ஸ், "சரிம்மா, வியாழக்கிழமை காலையில வந்துடுங்க" என்றார். வியாழக்கிழமைதானே என்று கேட்டேன். காலையில்தானே என்றும் கேட்டேன். "வாம்மா, பெட்டு உன் கொழந்தைக்குத்தான்" என்று சிரித்தார்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். அழுகையும் பசியும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எதிர்க் கடையில் இட்லி வாங்கினேன். முதல் வாயை மகளுக்கு ஊட்டினேன். அவள் அதைத் துப்பிவிட்டு, என் கையில் இருந்த சட்னியைக் காட்டினாள்.