அது எங்கள் வண்டி இல்லை

எங்கள் அப்பா இரணியலுக்கு அருகே, ஓட்டுச் சூளையில் மண் சுமந்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு கடைசிவரை டிரெய்லர் ஓட்டினார். பக்கப் பலகை இல்லாமல் தட்டையாக நீண்டு கிடக்கும் வண்டி அது. இரும்புக் கம்பி, மரத்தடி, மீன்பிடி வள்ளம் என்று எதை ஏற்றினாலும் கயிறும் தார்ப்பாயும்தான் காவல்.

பாய் போர்த்திக் கயிறு கட்டும் வேலையை அப்பா பிறர் கையில் விட்டதில்லை. ஒருமுறை குளச்சலுக்குப் புது ஃபைபர் வள்ளம் ஒன்றைக் கொண்டுபோனபோது அதற்கும் பாய் போர்த்தியிருந்தாராம். வள்ளத்துக்காரர் கேட்டிருக்கிறார்:

"ஓய், கடல்ல கெடக்கப் போற சாதனத்துக்கு எதுக்குவேய் தார்ப்பாய்?"

"கடல்ல நனையட்டும். என் வண்டியில நனையப்பிடாது."

இதை அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அம்மா விடமாட்டார். "வள்ளத்துக்குப் போர்த்தத் தெரியும். நம்ம அடுக்களை ஒழுவுது, அது மட்டும் கண்ணுல படாது" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. முடித்துத் தக்கலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்பா என்னைச் சந்திப்பிலிருந்த சாயாக்கடைக்கு அழைத்துப் போனார். "இன்னைக்கு எல்லாருக்கும் நம்ம சாயா. மக பெரிய படிப்பு படிச்சாச்சு" என்றார். "என்ன படிப்புவேய்?" என்று ஒருவர் கேட்டதும் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு மக்கா, எனக்கு வாயில வராது" என்றார். நான் சொன்னேன். எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழையும்விட, அப்போது அப்பா அந்தக் கடையில் நின்ற நிலைதான் எனக்குப் பெருமை.

சென்ற ஆண்டு ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓங்கி வீசும் காலம். பழகிய டிரைவர்கள் கணவாய்க்கு முன்பே நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது தெரியாது. பாய்க்கு அடியில் காற்று புகுந்துவிட்டால் மேலே நிற்கும் ஆளையும் சேர்த்துத் தூக்கும்.

அன்று மதியம் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் போனில் அழைத்தார்.

"கணவாய்ல ஒரு சிமெண்ட் லாரி மேல இருந்து ஒராளு விழுந்துட்டாராம். உங்க ஆளுன்னு சொல்லுகாவ."

"சிமெண்டா? அவரு கம்பிதானே ஏத்தியிருக்காரு. அது எங்க வண்டி இல்ல" என்றார் அம்மா.

போனை வைத்துவிட்டு என்னிடம், "யாரு பெத்த பிள்ளையோ மக்கா" என்றார். அடுப்பைத் தணித்தார். முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக நாங்கள் இருவரும் கண்ணை மூடி ஜெபித்தோம். யாருக்காக ஜெபித்தோம் என்பது சித்தப்பா வாசலில் வந்து, "விழுந்தது அண்ணந்தான், அண்ணி" என்றபோதுதான் தெரிந்தது. அந்தச் சிறிது நேரம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

அடக்கத்தன்று அந்தச் சிமெண்ட் லாரியின் டிரைவர் வந்தார். தர்மபுரிக்காரர். அப்பா வயதுதான் இருக்கும். வாசலில் சித்தப்பா அவரை மறித்தார்.

"ஒம்ம சாக்கு நனையப்பிடாதுன்னு எங்க அண்ணன் சாகணுமா?"

"நான் கூப்பிடலைங்க. பாய் பறக்கறதைப் பார்த்துட்டு அவராத்தான் வண்டிய நிறுத்திட்டு வந்தாரு. இந்தக் காத்து உனக்குத் தெரியாது, நீ இறங்குன்னு என்னை இறக்கிவிட்டுட்டு ஏறினாரு. ஒரு முனைதாங்க பாக்கி. எதிரே ஒரு பெரிய வண்டி வேகமாப் போச்சு, பாய் உப்பிடுச்சு..."

சித்தப்பா வழியை விடவில்லை. அம்மா எழுந்து வந்தார்.

"பெறவு அந்த மொனைய நீரு கெட்டினீரா?" என்று கேட்டார் அம்மா.

"எங்கம்மா கட்டறது? அவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். தூறல்ல அத்தனை மூட்டையும் கல்லாப் போச்சு."

"உள்ள வாரும்" என்றார் அம்மா. சித்தப்பா விலகினார். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவின் பெட்டியைத் தோளில் தாங்கியவர்களில் அந்த டிரைவரும் ஒருவர்.

அப்பா போன இந்த ஓராண்டும் எங்களோடு நின்று ஜெபித்த சபையாருக்கும் போதகருக்கும், நடுவழியில் கிடந்த அப்பாவின் டிரெய்லரை எடுத்துக் கம்பியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்த நண்பர்களுக்கும், எங்களைப் பட்டினி கிடக்க விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய தர்மபுரி டிரைவரையும் நன்றியில் சேர்க்கச் சொன்னவர் அம்மா. சேர்த்து எழுதினேன்.

இந்த நினைவஞ்சலியை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் "நில்லு" என்றார். அந்த வரியை அடித்துவிடச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"டிரைவர்னு வெறுமனயா எழுதுவாவ? மாமான்னு போடு மக்கா."

எங்கள் தர்மபுரி மாமாவுக்கு நன்றி.