வளையத்தில் ஒட்டிய உயிர்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உண்மையில் வேலை செய்வது தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான். தண்ணீரில் மிதக்கும் சின்னப் பிளாஸ்டிக் வளையங்களில் பழுப்புக் கொழகொழப்பாக ஒட்டிக்கொண்டு, சாயத் தண்ணீரின் அழுக்கை அவை தின்கின்றன. சம்பளம் மட்டும் எனக்கு.

ஆயுத பூஜைக்காகப் பட்டறையில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினோம். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், யாரும் சொல்லாமலேயே தொட்டியை வடித்து, வளையங்களையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டாள். தொட்டிச் சுவரில் சந்தனம் குங்குமம் வேறு.

"ஒரே பிசுபிசுப்பா கெடந்துச்சுக்கா. சாமி கும்புடுற நாளும் அதுவுமா எப்படி விடுறது?"

கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஏங்கண்ணு, அதுதான் உசுரே" என்று மட்டும் சொன்னேன்.

கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழியில்லாமல் சாயமேற்றும் வேலை நின்றது. முதலாளி தங்கமான மனிதர்தான். ஆனாலும், "தண்ணி தேறலைன்னா அந்தப் புள்ளைய அனுப்பிடுங்க" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். அவளுக்குக் கணவன் இல்லை. மகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தாள். ஊரில் போய் நிற்க இடமில்லை.

பக்கத்துப் பட்டறைத் தொட்டியிலிருந்து பாக்டீரியா உள்ள சேறு வாங்கி வந்து ஊற்றினோம். அவற்றுக்குத் தீனியாக வெல்லம் கரைத்து ஊற்றும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "இன்னும் ஏன்க்கா ஒட்டல?" என்று தினமும் கேட்பாள்.

ஒவ்வொரு பாக்டீரியாவும் ஏதோ ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். ஒன்றிரண்டாக இருந்தால் அது கரைந்து காணாமல் போய்விடும். கூட்டம் பெருகி ரசாயனம் அடர்ந்தால்தான், நாம் நிறையப் பேர் இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியும். பிறகு ஒன்றாகச் சேர்ந்து பசை சுரந்து வீடு கட்டும். தண்ணீரை வெளியே விடாமல் அடைத்து வைத்திருப்பதும் அதனால்தான். தனி மரம் தோப்பாகாது என்பது அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

"என்னைய மாதிரிதான் போல. ஆள் சேருற வரைக்கும் வாயத் தொறக்காது" என்றாள். சிரித்தேன். பாவமாகவும் இருந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் நான் உள்ளே நுழைவதற்குள் ஓடி வந்து, ஈரம் சொட்டும் வளையம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரலால் தேய்த்தேன். லேசாக வழுக்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"ஒட்டிருச்சு கண்ணு. இனித் தண்ணி தேறிரும்."

அவள் வளையத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மவ நேத்தே துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டாக்கா. வெளிய எடுக்கச் சொல்லட்டா?"