மூன்று பலகைக் கதவு

பாளையம்பட்டிக் கடை ஒன்றில் கதவு பார்க்கப் போயிருந்தேன். விற்கிற பையன் இரண்டு ஊசி நீட்டிய சின்னக் கருவியைக் கதவில் குத்தி, "ஈரமே இல்ல சார். ஹீட்டர் ரூம்ல வச்சுக் காயப்போட்டது" என்றான். காய்ச்சல் இல்லை என்று டாக்டர் சொன்ன மாதிரி எனக்கு நிம்மதி. இந்தக் கருவி அப்போதே வந்திருந்தால் எங்கள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நாலு ஊர் பார்த்திருப்பார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் வீடு கட்டியபோது, எங்கள் புஞ்சையில் நின்ற வேம்பை அறுத்து வாசல் கதவுக்கு மூன்று பலகை எடுத்தார்கள். பச்சை மரம். அந்தக் கசப்பு வாடை வெகுநாள் நின்றது. இன்றைக்கும் யாராவது வேப்பங்குச்சியால் பல் தேய்த்தால் எனக்குக் கதவுதான் ஞாபகம் வரும். அடுத்த மழை ஓயும் வரை பலகை நிழலில் கிடக்கட்டும் என்றாள் அம்மா. சோசியரோ பால் காய்ச்ச வைகாசியில் நாள் குறித்துவிட்டார். மரத்தை யாரும் கேட்கவில்லை.

"வெயிலுக்கா பஞ்சம் நம்மூர்ல? ரெண்டே வாரத்துல எலும்பாக் காஞ்சிரும்" என்றார் அப்பா.

செங்கல் சூளை வைத்திருந்த தாய்மாமா, "எதுக்கு மச்சான் ரெண்டு வாரம்? சூளைச் சூட்டுல ரெண்டு நாள் கெடந்தாப் போதும்" என்றார்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பலகை என்று முடிவானது. எங்கள் குடும்பத்தில் சமாதானம் என்றால் இதுதான். அப்பாவின் பலகை களத்து வெயிலில், மாமாவுடையது சூளையோரம், அம்மாவுடையது வெடிக்காமலிருக்க இரண்டு முனையிலும் சாணி பூசிக் கட்டிலுக்கு அடியில். நான் யார் கட்சி என்று கேட்காதீர்கள். பலகையைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன்.

பால் காய்ச்சிய அன்று கதவு ஒழுங்காகத்தான் சாத்தியது. ஆடியில் ஆரம்பித்தது. அப்பாவின் பலகை மேலே காய்ந்திருந்ததே தவிர, உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. அது வற்ற வற்றப் பலகை சுருங்கி, வெடித்து, வளைந்தும் போனது. மாமாவின் பலகை ஐப்பசி மழையில், சூளையில் பட்ட தாகத்துக்கெல்லாம் சேர்த்துக் குடித்து உப்பியது. அம்மாவின் பலகை நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் இழுத்தால் அது என்ன செய்யும்?

நாதாங்கி கொண்டிக்கு எட்டவில்லை. வீட்டைப் பூட்ட வழியில்லை. கல்யாணம் காட்சிக்கு அப்பா போனால் அம்மா காவல். அம்மா போனால் அப்பா காவல். திருச்சுழித் தேருக்கு அவரோடு சேர்ந்து போகவேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே ஆசை. வருஷாவருஷம் கேட்பாள்.

"ஆசாரியக் கூப்பிட்டு அந்த வளைஞ்ச பலகைய மாத்துங்களேன்."

"இன்னும் காயணும். காஞ்சா தானாச் சரியாயிரும்."

மாற்றினால் வெயில் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே!

அப்பா இறந்த பிறகு நான்தான் ஆசாரியைக் கூட்டிவந்தேன். அரை நாளில் வேறு பலகை போட்டுச் சரிசெய்துவிட்டார். இவ்வளவுதானா என்று அப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கதவைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் நீட்டினேன்.

"இனிமே பூட்டிட்டு எங்க வேணும்னாலும் போகலாம்மா. தேரு வருதுல்ல?"

அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"யாரு கூடடா?" என்றாள்.