செல்விக்கு எடுத்த டிக்கெட்

யாழினி, பிரபு, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பேய், ஆவி எதிலும் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ஒரகடத்தில் பன்னிரண்டு வருடமாக இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் நிற்கிறவன், அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டான். நீங்களும் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மருமகள் சீரியல் ஆரம்பித்ததும் அப்பா ஏன் எழுந்து வெளியே போகிறார் என்று கேட்கிறீர்களே, பதில் இதுதான்.

அந்த சீரியலில் மருமகளாக வரும் நடிகை முதல்முறையாக மேடையில் நடிக்கிறார், அதுவும் ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபத்தில் என்று போஸ்டர் பார்த்ததும் நம் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். என் லைனில் காண்ட்ராக்டில் வேலை செய்த செல்வி அத்தை, வல்லக்கோட்டையிலிருந்து வருவாளே, அவளுக்கும் அந்த நடிகை என்றால் உயிர், தனக்கும் ஒன்று எடுக்கச் சொல்லி ஒரு வாரம் பின்னாலேயே சுற்றினாள். என் பக்கத்து நாற்காலிக்கே அவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாடகம். திடீரென்று அன்று எனக்கு இரண்டாம் ஷிப்டில் ஓ.டி. போட்டுவிட்டார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, பர்மனென்ட் ஆள் எங்காவது போக வேண்டுமென்றால் காண்ட்ராக்ட் ஆளை வாய்வார்த்தையில் நிறுத்திவிட்டுப் போவோம், எங்கும் எழுதமாட்டோம். மதியம் காலை ஷிப்ட் முடிந்து வந்த செல்வியைக் கம்பெனி வாசலில் பிடித்து, எனக்குப் பதிலாக மிஷினில் நிற்கச் சொன்னேன்.

"இன்னாண்ணே, காலைலர்ந்து நின்னுகினே கீறேன், கண்ணு சொருவுது. நானும் டிக்கெட் வெச்சிகீறேனே?"

"பசங்க ஆசைப்படுதுங்கம்மா. உனக்கு போட்டோ எடுத்தாறேன்."

"ஆமா, போட்டோவுக்கா ஒரு வாரம் கெஞ்சினேன்?" என்று முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி போங்க. செல்வி விசாரிச்சான்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

நாடகம் தொடங்கியபோது என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த நடிகை எந்த வசனம் பேசினாலும், அழுதாலும், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே நடித்தார். நமக்காகத்தான் என்று உங்கள் அம்மாவுக்கு ஒரே பெருமை. அப்போது பிரபு, நீ அந்த நாற்காலிக்குத் தாவினாய், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா?

"ப்பா, சேர் சூடா கீதுப்பா. யாரோ உக்காந்த மாரி."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் போன் செய்தார். வெளியே போய் எடுத்தேன்.

"யோவ், செல்வி கை பிரஸ்ல மாட்டிகிச்சு. நாலு விரலும் பூடுச்சு. நீ சொல்லித்தான் அது நின்னுச்சா?"

நான் மண்டபக் கதவைச் சாத்தினேன்.

"யோசிச்சுச் சொல்லு. எழுதிக் குடுக்காம ஆளு மாத்தினா உன் வேலை காலி."

"நான் சொல்லல சார்," என்றேன். "அதுவா நின்னுச்சு."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். என் வேலை தங்கியது, அவளுக்கு இருந்த காண்ட்ராக்ட் வேலையும் போயிற்று. இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அன்று திரும்ப உள்ளே வந்து மீதி நாடகத்தையும் பார்த்தேன், எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன்.

முடிந்ததும் போட்டோவுக்கு வரிசையில் நின்றோம். நீங்கள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டீர்கள். அந்த நடிகை என்னை மட்டும் நிறுத்தினார்.

"சார், உங்க பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தாங்களே, நீல யூனிபார்ம்ல, எங்க போய்ட்டாங்க? வலது கையை துப்பட்டால சுத்தி மடியில வெச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட கை தட்டல சார். அவங்களை எப்படியாவது தட்ட வெச்சிடணும்னுதான் அவ்ளோ நேரமும் நடிச்சேன்."

செல்வி விசாரித்ததாக நான் சொல்லவில்லை. தெரியாதவங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றுவரை எனக்கு விளங்காதது இன்னொன்று. லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். செல்வியின் லாக்கரை மறுநாள் செக்யூரிட்டிதான் உடைத்தார், போன் உள்ளே அணைந்து கிடந்தது என்றார்கள். ஆனால் அன்று உங்களை அம்மாவோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் பைக் அருகே வந்தபோது என் போன் அடித்தது. திரையில் செல்வி என்று இருந்தது. அவள் அம்மாதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்த எண்ணை பிளாக் செய்தேன்.