டீச்சரின் கொடிமரம்

அனுமதி தேவையில்லை என்பதற்கு எழுத்துமூலம் பதில் வாங்கி வைத்திருப்பவன் தேனி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொந்த வளாகத்துக்குள், விதி சொல்லும் உயரத்துக்குக் கீழே, உரிமம் உள்ளவர் ஒரு வானொலிக் கம்பம் நட யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் பணிக்காலம் முழுவதையும் வருவாய்த்துறையில் கழித்தவனுக்குத் தெரிந்திருப்பது வேறு, முத்திரையோடு கையில் இருப்பது வேறு. எழுதிக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டிராத கேள்வியாக இருந்ததால் அந்த அலுவலகம் மிரண்டுபோய் இன்னோர் அலுவலகத்தைக் கேட்டது. கடைசியில் 'தேவையில்லை' என்று பதில் வந்தது. அதை லேமினேட் செய்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டுச் சிலேட்டில் எழுதினாள்: "மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மெழுகுவத்தி வைக்கிறேன்."

அவள் சிலேட்டில்தான் எழுத வேண்டியிருந்தது. தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக மதுரையில் அவளது குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அனுமந்தன்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல் அது. பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவனை உட்கார வைக்கும். வீட்டில் என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தது.

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்ற சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே வானொலி வழியாகப் பேசிக்கொள்வது. ஓய்வு பெற்றதும் நான் அதற்கான தேர்வு எழுதப் போனேன். தனியாக விட்டால் தேர்வு மேற்பார்வையாளருக்கே விதிமுறை சொல்லிக்கொடுத்து வம்பில் மாட்டுவேன் என்று அவளும் கூடவே வந்து எழுதினாள். மோர்ஸ் என்னும் புள்ளி-கோடு மொழியில் நான் எப்படியோ தேறி, அடுத்த வாரமே மறந்தேன். எனக்கு அது கொசுவின் ரீங்காரம்தான். அவளுக்கு அது பேச்சாகவே கேட்டது.

குரல் போன பிறகு அது மட்டுமே அவளுடைய பேச்சாயிற்று. காலையில் ஒரு சிறு குழு மோர்ஸில் கூடும். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், பொள்ளாச்சியில் ஒரு டாக்டர், நாகர்கோவிலில் ஒரு பொறியாளர், அப்புறம் இவள். முறை வைத்து ஒவ்வொருவராக அழைப்பார்கள். அவர்களில் யாருக்கும் இவளுக்குக் குரல் இல்லை என்பது தெரியாது. சொல்ல வேண்டாம் என்று சிலேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். உலகத்தில் அவளைப் பார்த்து யாரும் முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்ளாத ஒரே இடம் அதுதான்.

தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக் கம்புக்கும் நடுவில் நாங்கள் கட்டியிருந்த பழைய ஆன்டெனாக் கம்பியை அந்த வருஷத்து ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. புதிய ஆன்டெனா வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். அடுத்த ஆடிக்காற்றை அவள் பார்ப்பாளா என்று கேட்டபோது மதுரை டாக்டர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் தேவைக்கு எது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூடாரம் போலச் சரிந்து இறங்கும் கம்பிகள். அதில் ஏறும் அலை நேரே மேலே போய், வானத்தில் பட்டுத் திரும்பி, மலையைத் தாண்டி அந்தப் பக்கத்தில் இறங்கும். சுற்றிலும் மலை நிற்கும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரு கம்பியின் முனை எங்கள் மேற்குச் சுவரோடு முடிந்துவிடும். மற்றது கிழக்குச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கட்டப்பட வேண்டும். அந்த வீட்டம்மாவுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. அவர் மகள் என் மனைவியிடம் படித்தவள். போய்க் கேட்டேன்.

"டவரு வந்தா சிட்டுக்குருவியெல்லாம் செத்துப்போகுமாம்ல சார்? டிவில சொன்னாக."

"இது செல்போன் டவர் இல்லம்மா. வெறும் கம்பி."

"கம்பிதான். அதுல கரண்டு போகும்ல? எங்களுக்கு எதுக்கு சார் வம்பு? ஏற்கெனவே உங்க வீட்டுல..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொல்லியிருந்தால், வானொலியால் புற்றுநோய் வராது என்று பதில் சொல்ல என்னிடம் ஆதாரங்கள் இருந்தன. பாதி வாக்கியத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே இரண்டாந்தரமானதைத் தேர்ந்தெடுத்தேன். இதில் கம்பமே ஆன்டெனா. அடியில் பீங்கான் வைத்துத் தரையிலிருந்து பிரித்து, குழாயை நேராக நிறுத்தி, சுற்றிலும் சக்கரத்தின் ஆரம்போலக் கம்பிகளைப் புதைக்க வேண்டும். கைவிட்ட ஒரு திராட்சைத் தோட்டத்தின் பந்தல் கம்பி அதற்குக் கிடைத்தது. எல்லாம் எங்கள் சுவருக்குள் அடங்கிவிடும். குறை இரண்டு. அது தூரதேசத்துக்கு நன்றாகப் பேசும், பக்கத்து மலைக்குப் பின்னால் இருப்பவரிடம் முணுமுணுக்கும். செய்தி போகும்போது கம்பத்தைத் தொட்டால் கை வெந்துபோகும்.

நிமிர்த்த ஆள் வேண்டும். எங்கள் ஊரில் உயரமான ஒன்றை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடிமரம் நடுகிறவர்கள்தான். சாமியாருக்கு உதவியாகக் கோவில் வேலை பார்க்கும் உபதேசியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சார், கரண்டு விட்டுப் பாத்துட்டு நிமித்துவமா, நிமித்திட்டுப் பாப்பமா?"

"ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன செய்யணும்னு எழுதி வச்சிருக்கேன்."

"ஏலே, சார் மந்திரம் எழுதி வச்சிருக்காராம். கயித்தப் பிடிங்கடா."

தாளைப் படிக்க நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் கம்பம் பாதி வானத்தில் இருந்தது. மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுக்க, குழாய் ஆடி ஆடி நேராக நின்ற கணத்தில் யாரோ ஒருவன் பழக்கத்தில் "மரியே!" என்று கூவினான். அத்தனை பேரும் "வாழ்க!" என்றார்கள். ஜன்னலில் நின்ற என் மனைவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இப்போது அவள் சிரிப்பில் தோள் மட்டும்தான் இருந்தது.

திருவிழாக் கொடிமரத்தை எங்கள் ஊர்க்காரர்கள் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டு, முத்தி செய்வார்கள். வேண்டுதலை நினைத்து ரிப்பன் கட்டுவார்கள். மந்திரிக்கச் சாமியாரும் வரவில்லை, கொடியும் இல்லை என்றாலும், அதே ஆட்கள் அதே கயிற்றால் நிமிர்த்தி, அதே கோஷத்தோடு நட்ட மரம். டீச்சருக்காக நட்டது. மறுவாரம் காலையில் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கம்பத்தைத் தொட்டாள், விரலை உதட்டில் வைத்தாள், ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனாள். பின்னாலேயே மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள்.

நான் சுற்றிலும் இரும்பு வேலி போட்டேன். 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தேன். அது என் பணிக்காலத்தில் நான் வைத்த எந்த அறிவிப்புப் பலகைக்கும் கிடைக்காத மரியாதையைப் பெற்றது. மறுநாள் வேலிக்கு வெளியே ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"குளிக்காம தொடப்படாதுன்னு போட்டிருக்காக. நீ போயி குளிச்சுட்டு வா, ஆத்தா."

குளித்துவிட்டு வந்தார்கள். வேலிக்குள் கையை விட்டுக் கட்டினார்கள். அடியில் மெழுகுவத்தி எரிந்தது.

இதெல்லாம் நடந்தது காலை நேரத்தில். மோர்ஸ் குழு கூடும் அதே நேரத்தில். என் மனைவி ஜன்னலோரம் வானொலி செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். வானொலியில் அவளுக்குப் பெயரான அழைப்புக்குறியைத் தட்டி அழைப்பார்கள். மோர்ஸில் எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே ஓசை அதுதான். அவள் கை மோர்ஸ் கீயின் மேல் இருக்கும். வெளியே யாராவது கம்பத்தைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்பார்கள். அவள் கையை எடுத்துவிடுவாள். ஒருவர் போனால் அடுத்தவர். போஸ்ட்மாஸ்டர் இரண்டு தரம் அழைத்துவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விடுவார். டீச்சருக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் வேண்டி முடிக்கும்வரை டீச்சர் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிலேட்டைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"கீழே வையுங்கள்."

"உனக்கு இருக்குறது இந்த அரை மணி நேரம். அதையும் இவங்க..."

அழித்துவிட்டு எழுதினாள்: "இப்போது நிற்கிறவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு கடைசிவரை வரவில்லை. இதையாவது முழுசாகச் செய்யட்டும்."

கத்தரிக்கோலை வைத்தேன். அவளை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எந்த மன்றமும் இருந்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் யாருமே இல்லாத காலையில் அவள் கீயைத் தட்டினாள். எதுவும் வெளியே போகவில்லை. அனுப்பிய சக்தி முழுவதும் திரும்பி வருவதாக மீட்டர் காட்டியது. நான் செட்டைச் சோதித்தேன், கேபிளைச் சோதித்தேன், பூமியில் புதைத்ததைத் தோண்டிப் பார்த்தேன். எல்லாம் முறைப்படி இருந்தன. கம்பத்தில் ஒரு சின்னப் பித்தளை மணி தொங்கியது. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதைக் கட்டிய கம்பியை இரும்பு வேலிவரை இழுத்து முறுக்கியிருந்தார்கள். செய்தியெல்லாம் அந்த வழியாக வேலிக்குள் இறங்கிவிட்டது. முறுக்கைப் பார்த்தேன். திராட்சைப் பந்தலில் போடுகிற முறுக்கு.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களாம்மா கட்டினது?"

"சனிக்கிழம குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தேன் சார். அங்கன வாங்குனது. துணில கட்டுனா நம்ம காத்துக்குப் பிஞ்சுரும்னுதான் கம்பில கட்டுனேன்."

"மகளுக்கு வேண்டுதலா?"

"டீச்சருக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு ஒரு வார்த்த விட்டுட்டேன். பாதில நிப்பாட்டுனாலும் விட்டது விட்டதுதான சார்?"

இந்தத் தடவை என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். டீச்சர் வாயால் பேசுவதில்லை, கையால் பேசுகிறாள். கம்பத்தில் யாராவது கை வைத்திருந்தால் அவள் பேசமாட்டாள் என்றேன்.

"அப்ப இத்தன நாளும் நாங்க வந்து வந்து டீச்சர் வாயக் கட்டிட்டமா?"

"உங்க வேப்பமரத்துல ஒரு கயிறு கட்ட விட்டீங்கன்னா கம்பத்துல எதுவும் போகாது. மேல கம்பிலதான் போகும். யார் வேணும்னாலும் தொடலாம்."

"மணி?"

"கெடக்கட்டும். வேலிக்கு இழுத்ததை மட்டும் எடுத்துர்றேன்."

"தாராளமா கட்டிக்கங்க சார். ஆணி மட்டும் அடிக்காதீக."

கம்பத்தைச் சாய்த்து, உச்சியில் கம்பி பூட்டி, மறுபடி நிமிர்த்தினோம். கோஷமும் மறுபடி நடந்தது. மறுநாள் காலையில் போஸ்ட்மாஸ்டர் அனுப்பியதை என் மனைவி சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுகிறது போல இருக்கிறது.' வெளியே ஒருத்தி கம்பத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இவள் கை நிற்காமல் ஓடியது. அரை மணி நேரம் முழுவதும் பேசினாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். "உங்களைப் பற்றித்தான்" என்று எழுதினாள்.

திராட்சை இரண்டு தரம் வெட்டும்வரை அப்படிப் பேசினாள். பிறகு கை தளர்ந்தது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரும் தாங்களும் மெதுவாக அனுப்பத் தொடங்கினார்கள். அது எனக்கே கேட்டது. கடைசியில் அவளால் தன் அழைப்புக்குறியை மட்டும்தான் தட்ட முடிந்தது. அதற்கும் காத்திருந்து, வாங்கிக்கொண்டு, பிறகுதான் விடைபெற்றார்கள். ஆடிக்காற்று வருவதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு உபதேசியார் ஆட்களோடு வந்து நின்றார்.

"சார், கொடிய எறக்கிருவமா? அப்படியே விடுறது வழக்கமில்ல."

எந்தத் திருவிழா முடிந்ததென்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மெதுவாகச் சாய்த்துத் தரையில் கிடத்தினார்கள். இந்தத் தடவை யாரும் கூவவில்லை. அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு ரிப்பன்கள் வெளுத்துப்போய் ஒட்டிக்கிடந்தன.

"இதையெல்லாம் என்ன செய்றது?" என்றேன்.

உபதேசியார் பிடரியைச் சொறிந்தார். "கேட்டது கெடச்சா அவுகளே வந்து அவுத்துட்டுப் போவாக. கெடைக்கலன்னா... தெரியல சார்."

ரிப்பன்களை அவிழ்த்தெடுத்தேன். ஒரு சாக்கில் போட்டு, மணியையும் அதில் வைத்து, அவளுடைய பீரோவுக்குள் வைத்தேன். வேலியைப் பிடுங்கவில்லை. வேப்பமரத்துக் கயிற்றை அவிழ்க்கவா என்று சுவருக்கு மேலிருந்து பக்கத்து வீட்டம்மா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் "கெடக்கட்டும்" என்று அவரே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். கம்பியை மாடிக் கைப்பிடிச் சுவரில் தாழக் கட்டினேன். அதில் கேட்கலாம், தட்டினால் ஓரளவுக்குப் போகவும் செய்யும்.

காலையில் கேட்கிறேன். அவள் போய்விட்டதை அவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். குரலில் சொல்லலாம், ஆனால் மோர்ஸுக்கென்று ஒதுக்கிய இடத்தில் குரல் பேசுவது ஒழுங்கில்லை என்று எனக்கு நானே விதி காட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் அவளுடைய சிலேட்டில் புள்ளியும் கோடுமாக இரண்டு வார்த்தை எழுதி வைத்து, மேசைமேல் விரலால் தட்டிப் பழகினேன். இன்று போஸ்ட்மாஸ்டர், பொள்ளாச்சி, நாகர்கோவில் என்று முறை வந்தது. அப்புறம் அவளை அழைத்தார்கள். மெதுவாக, அவளுடைய கடைசி வேகத்தில் அழைத்தார்கள். அவள் கைக்குத் தேவைப்பட்ட அளவுக்கு நேரம் விட்டுக் காத்திருந்தார்கள்.

நான் கீயின் மேல் கையை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே, தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண் கேட்டைத் திறந்து வந்து, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி நிற்கும் வேலியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.