குசினிப் படியில் விழுந்ததாக எழுதினேன்

என் பிள்ளைகளே,

போன கிழமை தொலைக்காட்சிச் செய்தியில், எங்கேயோ ஒரு தூரத்து நாட்டில் கணவன்மாரிடம் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களைக் காட்டினார்கள். நீளமான மர வாங்கில் வரிசையாக இருந்தார்கள். மகள், நீ சோற்றைப் பிசைந்தபடி கேட்டாய்: "அப்பா, இவையின்ர பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாம் என்ன செய்துகொண்டு இருந்தவை?" உன் தம்பி அதைக் கேட்டுச் சிரித்தான். உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

வாயால் சொல்ல ஏலாததை எழுதிப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து நாலு வருடமாகிறது. திருகோணமலை உள்துறைமுகக் கரையில், எங்கள் மீனவர் சங்கக் கட்டடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நான் அப்போது சங்கத்துச் செயலாளர். என் கையெழுத்து உருண்டை உருண்டையாக வடிவாக இருக்கும், அதற்காகக் கிடைத்த பதவி அது. மண்ணெண்ணெய் மானியத்துக்கு விண்ணப்பம், களவு போன வலைக்கு முறைப்பாடு, கிராம சேவகருக்குக் கடிதம், எல்லாம் என் கையால்தான் போகும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுச் சண்டை பொலிசுக்குப் போய்விட்டால், சங்கம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைக்கும். பிறகு முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக ஒரு கடிதம் எழுதி, பெண்ணிடம் கையெழுத்து வாங்கி, நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். துறைமுகத்துக்குள் தொழிலுக்குப் போக அனுமதி அட்டை வேண்டும். வழக்கு விழுந்தவனுக்கு அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் ஒரு பயம். அது உண்மையா என்று ஒருவரும் போய்க் கேட்டதில்லை. குடும்பம் குலையாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அன்றைக்கு வந்திருந்தவள் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்த பிள்ளை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கட்டைபறிச்சானில் பிறந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். கணவன் சங்கத் தலைவருடைய படகில் இயந்திரம் ஓட்டுகிறவன். அவன் இறங்காவிட்டால் அந்தப் படகும் இறங்காது. அவளுடைய ஒரு கன்னம் வீங்கிக் கிடந்தது. வலது மணிக்கட்டில் கட்டு. இரண்டு நாளுக்கு முன்னர் தனியாக நடந்துபோய் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருந்தாள்.

நாங்கள் ஆறு ஆண்கள் கதிரைகளில் இருந்தோம். அவள் வாங்கின் நுனியில் இருந்தாள். கணவன் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்று கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"செயலாளர், வழக்கமா எழுதிற மாதிரி எழுதுங்கோ," என்றார் தலைவர். "நீங்கள் எழுதினா நீதவானும் அழுவார்."

"அழுறது மட்டுமே? அடிச்சவனுக்குச் சமாதான நீதவான் பட்டமும் குடுத்திடுவார்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்பது வரை எழுதினேன். பிறகு பேனை நின்றது. காயத்துக்கு ஒரு காரணம் சொல்லாமல் விட்டால் கடிதம் மொட்டையாக இருக்குமே என்று பட்டது. அந்தக் காரணத்தை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. தலைவரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. நானே யோசித்து, 'கிணற்றடியில் வழுக்கி விழுந்து பட்ட காயத்தை, கோபத்தில் என் கணவர் மீது சுமத்திவிட்டேன்' என்று எழுதினேன். எழுதி முடித்தபோது திருப்தியாகக்கூட இருந்தது.

"கை ஏலாட்டிப் பரவாயில்லை, பிள்ளை. கைநாட்டு வைச்சாலும் காணும்," என்றார் தலைவர்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றாள் அவள்.

சாதாரண தரச் சோதனை வரை படித்த பிள்ளை, என்னைவிடப் படித்தவள். தாளை வாங்கி மெல்ல வாசித்தாள்.

"அண்ணா, எங்கட வீட்டில கிணறு இல்லையே. பைப் தண்ணியெல்லோ."

தலைவர் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு கட்டடம் அதிரச் சிரித்தார்கள். "செயலாளர் அரசாங்கத்துக்குச் செலவில்லாம ஒரு கிணறும் வெட்டிக் குடுத்திட்டார்!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய் எழுதினேனே என்று இல்லை, கிணற்றில் பிழை விட்டேனே என்று. "அப்ப வீட்டில எங்கயும் படி கிடி இருக்கோ?" என்று அவளிடமே கேட்டேன்.

"குசினிக்கு ஒண்டு இருக்கு," என்றாள் அவள், எதற்குக் கேட்கிறேன் என்று யோசிக்காமல்.

முதல் தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில், சமையல் செய்யும்போது குசினிப் படியில் கால் தடுக்கி விழுந்ததாக எழுதினேன். பொய்க்கு வேண்டிய படியை அவளிடமே கேட்டு வாங்கினேன், பிள்ளைகளே.

இரண்டாவது கடிதத்தையும் வாசித்தாள். "இது நான் சொன்ன கதை இல்லையே, அண்ணா."

"தங்கச்சி, கடிதம் எண்டா இப்பிடித்தான். இதெல்லாம் ஒரு முறைக்கு எழுதிறது."

அவள் மற்ற ஐந்து பேரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். அம்மாவும் அவளும் கறி மாற்றிக்கொள்கிறவர்கள். தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை பறித்துக்கொண்டு வந்தவள் அவள்தான். "நீங்கள் சொன்னாச் சரி," என்று சொல்லி, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தாள். வெளியே நின்றவனுக்கு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தோம். அவன் முன்னே நடக்க அவள் பின்னே போனாள். அன்று மத்தியானம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்று கிழமை போயிருக்கும். அவன் திரும்பவும் அடித்தான். அவள் திரும்பவும் பொலிசுக்குப் போனாள். அங்கிருந்த ஓர் அதிகாரி பழைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். "குசினிப் படியில விழுந்திட்டுப் புருசனில பழி போட்டனான் எண்டு நீங்களே எழுதித் தந்திருக்கிறீங்கள். இந்த முறை எந்தப் படி?" சங்கத்து ஆட்களோடு வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் பொலிசுக்குப் போனது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் படலையைத் திறக்கும்போதே துடுப்போடு நின்றிருக்கிறான்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அம்மாதான். திரும்பி வந்து, முகம்கூடக் கழுவாமல் குசினி வாசலில் நின்று சொன்னார்: "உங்கட குசினிப் படி அவளை நல்லா விழுத்திப்போட்டுது. இனி ஒரு காது கேக்காதாம்." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கட்டிலில் இருந்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் வரும்போதே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "தங்கச்சி, நான் பெரிய பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவள் திரும்பவில்லை. கொஞ்சம் பலமாக இன்னொரு தரம் சொன்னேன். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, அந்தப் பக்கம் கேக்காது. இஞ்சால வந்து கதையுங்கோ."

கட்டிலைச் சுற்றி மற்றப் பக்கம் போனேன். அவள் என்னைக் கண்டாள். அந்தப் பக்கத்தில் நின்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அவள்தான் கேட்டாள். "அண்ணா, அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

"ஏலாது, தங்கச்சி."

"அப்ப, அது நீங்கள் எழுதின கதை, நான் சொன்னதில்லை எண்டு சொல்ல ஏலுமோ? அது அங்க கிடக்குமட்டும் நான் சொல்லுறதை ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டுப் பதினொரு நாள் போகாமல் இருந்தேன். அதை மறைக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். பொய் எழுதியதற்கு என்னைப் பிடித்து உள்ளே போட்டால் உங்கள் இருவரையும் யார் பார்ப்பது என்று பயம். தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரு பொம்பிளைக்காக என்ர படகைக் கரையில ஏத்தப் போறீரோ? உமக்கு இந்தக் கரையில இருக்க விருப்பமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா என்னுடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக் கதிரையில் போட்டார். உடுத்திக்கொண்டு போய்ப் பொலிசில் வாக்குமூலம் கொடுத்தேன்.

அவன் மேல் வழக்குப் போட்டபோது, நீதிமன்றத்திலும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவனுடைய சட்டத்தரணி, "பொய் என்று தெரிந்துதான் எழுதினீரா?" என்றார். ஓம் என்றேன். "அன்றைக்குப் பொய் எழுதியவர் இன்றைக்கு உண்மை சொல்கிறீர் என்று எப்படி நம்புவது?" என்றார். கூண்டிலிருந்து இறங்கும்போது அவளைப் பார்த்தேன். கேட்கிற காதைச் சாட்சிக்கூண்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அவள் கட்டைபறிச்சானுக்கே போய்விட்டாள். ஒவ்வொரு தவணைக்கும் பேருந்தில் வந்து போகிறாள். அவன் பிணையில் வந்து அதே படகை ஓட்டுகிறான். நாங்கள் இவ்வளவு பயந்த அந்த அனுமதி அட்டையை, வழக்கு நடக்கும்போதே அவனுக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சங்கத்தில் வேறு செயலாளரைத் தெரிவு செய்தார்கள். கட்டடச் சாவியைக் கொடுப்பதற்கு முதல் நாள் மத்தியானம், தொழிலுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் படுத்திருந்த நேரத்தில், நான் தனியாகக் கட்டடத்துக்குப் போனேன். சங்கத்தால் அனுப்புகிற கடிதங்களின் பிரதிகள் அலுமாரியில் ஒரு கோப்பில் இருந்தன. அவளுடையதைத்தான் தேடினேன், கிடைத்தது. அதற்கு முந்திய வருடங்களில் எழுதியவை இன்னும் ஐந்து அகப்பட்டன. ஒருத்தியை மாடு முட்டியிருந்தது. ஒருத்தி சைக்கிளால் விழுந்திருந்தாள். ஒருத்திக்கு முருங்கைக் கொப்பு முறிந்து தலையில் விழுந்திருந்தது. எல்லாம் என் எழுத்து. எல்லாம் நான் யோசித்த காரணங்கள்.

கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும், 'இந்தக் காரணத்தை அந்தப் பெண் சொல்லவில்லை, நானே எழுதினேன்' என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஆறு தாள். முடித்ததும் கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். அதை இன்றுவரை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி எங்கள் படலையைத் தாண்டிக் கடைக்குப் போகும்போதெல்லாம், அவளுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லையே என்பதுதான் எனக்கு நினைவு வருகிறது.